முதலில் பரிசோதனை, பிறகு மருந்து

2004 பிப்ரவரியில், இரண்டே வார இடைவெளியில், பெருங்குடல் புற்றுநோய்க்கான இரண்டு புதிய மருந்துகளுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. 12ஆம் தேதி செட்டூக்சிமாப், 26ஆம் தேதி பெவாசிசுமாப். எர்பிடக்ஸ், அவாஸ்டின் என்ற பெயர்களில் சந்தைக்கு வந்த இந்த இரண்டும்தான், இன்று புற்றுநோய் மருத்துவமனைகளில் ‘டார்கெட்டட் தெரபி’ என்று காதில் விழும் இலக்குச் சிகிச்சையைக் குடல் புற்றுநோயாளிகளிடம் கொண்டுவந்து சேர்த்தவை. அதற்கு முன்பு 1957இல் சார்லஸ் ஹைடல்பெர்கர் உருவாக்கிய 5-எஃப்யூ என்ற ஒற்றைக் கீமோ மருந்தை நம்பியே மருத்துவர்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளை ஓட்டியிருந்தார்கள். இரினோடீகன் 1996இலும், ஆக்சாலிபிளாட்டின் 2002இலும்தான் அமெரிக்காவில் துணைக்கு வந்தன.

செட்டூக்சிமாப் பிறந்த கதையில் கொஞ்சம் நீதிமன்ற வாசமும் உண்டு. 2001 டிசம்பரில் அந்த மருந்தின் விண்ணப்பத்தை அரசு ஏற்க மறுக்கப்போகிறது என்பது முன்கூட்டியே கசிந்தது. மருந்தை உருவாக்கிய நிறுவனத்தின் தலைவர் சாம் வாக்சல் அந்தக் கசிவு தொடர்பான வழக்கில் பிறகு சிறைக்குப் போனார். அந்த நிறுவனத்தின் பங்குகளை அவசரமாக விற்ற தொலைக்காட்சிப் பிரபலம் மார்த்தா ஸ்டூவர்ட்டும் விசாரணையில் பொய் சொன்னதற்காகச் சிறைக்குப் போனார். ஸ்டூவர்ட் மீதான வழக்கு நியூயார்க்கில் நடந்துகொண்டிருந்தபோதே மருந்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பங்குச் சந்தையில் பட்ட களங்கம் மருந்தின் மீது ஒட்டவில்லை. இந்த மருந்தைப் பற்றிய உண்மையான விசாரணை அதற்குப் பிறகு ஆய்வுக்கூடங்களில் நடந்தது. அதன் தீர்ப்பு நம் ஊர் நோயாளிக்கு இன்றும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதே என் கவலை.

முதலில் பெவாசிசுமாப். புற்றுக்கட்டி வளர வேண்டுமானால் அது தனக்கென்று புதிய ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ள வேண்டும், அதைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்று 1971இல் ஜூடா ஃபோக்மன் எழுதினார். அப்போது பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழாய்களை வளர்க்கும் புரதத்தை 1989இல் ஜெனென்டெக் நிறுவனத்தின் நெப்போலியோனே ஃபெராரா குழு பிரித்தெடுத்தது. அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பு அணுவே பெவாசிசுமாப். நோய் உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிய 813 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2004இல் வெளியானது. கீமோ மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 15.6 மாதங்களைக் கடந்தார்கள். கீமோவோடு இந்த மருந்தையும் பெற்றவர்களில் பாதிப் பேர் 20.3 மாதங்களைக் கடந்தார்கள். கிட்டத்தட்ட ஐந்து மாதம் கூடுதல். புற்றுநோய் உலகம் கொண்டாடியது.

அந்த ஆய்வில் பயன்பட்ட கீமோக் கலவையை இன்று யாரும் கொடுப்பதில்லை. அதைவிட வலுவான ஃபோல்ஃபாக்ஸ், ஃபோல்ஃபிரி போன்ற கலவைகள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆக்சாலிபிளாட்டின் சேர்ந்த கீமோவோடு பெவாசிசுமாபைச் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வு 2008இல் வந்தபோது ஆயுளில் கிடைத்த கூடுதல் 19.9 மாதத்திலிருந்து 21.3 மாதம் வரைதான். புள்ளியியல் கணக்கில் அதை உறுதியான ஆதாயம் என்று சொல்ல முடியவில்லை. நோய் மீண்டும் தலைதூக்கும் வரையிலான இடைவெளி மட்டும் தெளிவாக நீண்டது. அடிப்படைக் கீமோ நன்றாக இருந்தால் மேலே சேர்க்கும் மருந்துக்கு வேலை குறைவு. கீமோவை மட்டும் பெற முடிந்த குடும்பங்கள் ஏதோ அரைச் சிகிச்சை வாங்கிக்கொண்டதாகக் குற்ற உணர்ச்சியில் தவிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எண்கள் நினைவுக்கு வரும். ஆயுளில் பெரும்பங்கைத் தந்திருப்பது கீமோதான். நிலத்தை விற்று அடுத்த மருந்தை வாங்கும் முன் இதை மருத்துவர் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

செட்டூக்சிமாபின் கதை இன்னும் படிப்பினை நிறைந்தது. குடல் செல்லின் மேற்பரப்பில் ‘வளர்’ என்ற கட்டளையை வாங்கி உள்ளே அனுப்பும் ஓர் ஏற்பி இருக்கிறது. ஈஜிஎஃப்ஆர் என்பார்கள். செட்டூக்சிமாபும் அதன் உறவுக்கார மருந்தான பானிட்டுமுமாபும் அந்த ஏற்பியை அடைத்துவிடுகின்றன. ஆகவே கட்டியில் ஈஜிஎஃப்ஆர் இருக்கிறதா என்று சாயம் ஏற்றிப் பார்த்து, இருப்பவர்களுக்கு மட்டும் கொடுங்கள் என்றுதான் முதலில் விதி வகுத்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஏற்பி தென்படாதவர்களுக்கும் மருந்து வேலை செய்தது. தென்பட்டவர்களில் பலருக்கு வேலை செய்யவில்லை. முதல் பரிசோதனையே தவறான பரிசோதனை.

சரியான கேள்வியை 2006 முதல் 2008க்குள் பிரான்ஸ், கனடா உள்ளிட்ட நாடுகளின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஏற்பிக்குக் கீழே கேராஸ் என்ற புரதம் இருக்கிறது. அதன் மரபணுவில் பிறழ்வு நேர்ந்திருந்தால், வாசலில் இருக்கும் அழைப்பு மணியின் பொத்தானைப் பிடுங்கிப் போட்டாலும் வீட்டுக்குள் மணி தானாக அடித்துக்கொண்டே இருக்கும். ஏற்பியை அடைத்து என்ன பயன்? பிறழ்வு இருந்தவர்களுக்கு மருந்தால் எந்தப் பலனும் இல்லை. 2009 ஜூலையில் அமெரிக்க நிர்வாகம் மருந்தின் குறிப்பேட்டையே மாற்றி எழுத வைத்தது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேர் மருந்தின் பக்கவிளைவாக முகமெல்லாம் கொப்புளமும் கையில் பெரிய ரசீதுமாக, தங்களுக்கு உதவவே முடியாத மருந்தை ஏற்றிக்கொண்டிருப்பார்கள்!

பலன் இல்லாததோடு போனால்கூடப் பரவாயில்லை. பானிட்டுமுமாபை ஃபோல்ஃபாக்ஸோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வில், கேராஸ் பிறழ்வு இருந்தவர்களின் நிலை கீமோ மட்டும் பெற்றவர்களைவிட மோசமானது. கீமோவில் 8.8 மாதம் அடங்கியிருந்த நோய், மருந்தைச் சேர்த்ததும் 7.3 மாதத்திலேயே தலைதூக்கியது. 2013இல் அதே ஆய்வின் கட்டித் துண்டுகளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, கேராஸின் வேறு பகுதிகளிலும் என்ராஸ் என்ற சகோதர மரபணுவிலும் உள்ள பிறழ்வுகளும் இதே தீங்கைச் செய்வது தெரிந்தது. இவற்றை ‘ராஸ் பிறழ்வு’ என்று மொத்தமாகச் சேர்த்தால், பரவிய குடல் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்தக் கணக்கில் வருவார்கள். பாதிப் பேருக்கு இந்த மருந்தை ஏற்றுவது வீண், சிலருக்குக் கேடு. அமெரிக்காவில் எல்லோருக்கும் கேராஸ் பரிசோதனை செய்தால் ஆண்டுக்குச் சுமார் 60 கோடி டாலர் மிச்சமாகும் என்று 2009இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

இன்னொரு தகவலுக்குப் பரிசோதனைக்கூடம்கூடத் தேவையில்லை. கட்டி பெருங்குடலின் வலது பக்கம் இருக்கிறதா, இடது பக்கமா? கருவில் இந்த இரண்டு பகுதிகளும் வேறு வேறு இடத்திலிருந்து உருவானவை. அவற்றில் தோன்றும் புற்றும் குணத்தில் வேறுபடுகிறது. 2016இல் அமெரிக்காவின் பெரிய ஒப்பீட்டு ஆய்வொன்றின் விவரங்களைப் பிரித்துப் பார்த்தபோது, கேராஸ் பிறழ்வு இல்லாதவர்களிலேயே செட்டூக்சிமாப் பெற்ற இடது பக்கத்தாரில் பாதிப் பேர் 36 மாதங்களைக் கடந்தார்கள். வலது பக்கத்தாருக்கு அந்த எண் 16.7. மருந்து, கீமோ, மருத்துவர்கள், எல்லாம் ஒன்றே. ஜப்பானின் பாரடைம் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. இடது பக்கக் கட்டி, ராஸ் பிறழ்வு இல்லை என்றால் பானிட்டுமுமாப் 37.9 மாதம், பெவாசிசுமாப் 34.3 மாதம். வலது பக்கமானால் ஈஜிஎஃப்ஆர் மருந்தை முதலில் எடுக்கக் காரணமே இல்லை. கட்டி எந்தப் பக்கம் என்ற தகவல் கொலனாஸ்கோப்பி அறிக்கையிலேயே இருக்கும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

மருந்தை மருந்தோடு சேர்த்தால் பலனும் கூடும் என்ற நம்பிக்கை இந்தத் துறையில் அடிக்கடி தோற்றிருக்கிறது. பிரிட்டனின் காயின் ஆய்வில், மாத்திரையாகக் கொடுக்கும் கேப்பசிட்டபினும் ஆக்சாலிபிளாட்டினும் சேர்ந்த கீமோவே பெரும்பாலோருக்குத் துணையாக இருந்தது. அங்கே செட்டூக்சிமாப் ஆயுளைக் கூட்டவில்லை. ஆகவே எந்தக் கீமோவோடு சேர்க்கிறோம் என்பதும் முக்கியம். நெதர்லாந்தின் கைரோ-2 ஆய்வில் பெவாசிசுமாப், செட்டூக்சிமாப் இரண்டையும் ஒன்றாகவே கொடுத்துப் பார்த்தார்கள். நோய் அடங்கியிருந்த காலம் 10.7 மாதத்திலிருந்து 9.4 ஆகக் குறைந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்த, பரவாத நோய்க்கு இந்த இரண்டில் எதைச் சேர்த்தும் பயனில்லை என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. கல்லீரலுக்குப் பரவினாலும் வெட்டியெடுக்கக்கூடிய நிலையில் இருந்தவர்களுக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் செட்டூக்சிமாப் கொடுத்த பிரிட்டன் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து பெற்றவர்களுக்கே நோய் சீக்கிரம் திரும்பியது. நோய் பரவியவர்களில் குணமாகும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள் இவர்கள்தான் என்பதை நினைத்தால் அந்த முடிவின் கனம் புரியும்.

பக்கவிளைவுகளில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன், அது அவ்வளவு விசித்திரமானது. அமெரிக்காவின் டென்னசி, வட கரோலினா மாநிலங்களில் செட்டூக்சிமாப் ஏற்றிய முதல் முறையே ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் கடும் ஒவ்வாமையில் விழுந்தார்கள். வேறு பல இடங்களில் அப்படி இல்லை. தேடிப் போனபோது குற்றவாளி ஒரு உண்ணி! அந்தப் பகுதியில் அது கடித்தவர்களின் உடலில், ஆடு மாடு இறைச்சியில் இருக்கும் ஒரு சர்க்கரைக்கு எதிரான அணுக்கள் ஏற்கனவே உருவாகியிருந்தன. எலிச் செல்லில் தயாரான மருந்தில் அதே சர்க்கரை ஒட்டிக்கொண்டிருந்தது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி ஒவ்வாமை என்ற புதிய நோயையே இந்தத் துப்பு வழியாகத்தான் மருத்துவம் தெரிந்துகொண்டது.

இலக்குச் சிகிச்சை வெறும் ஏமாற்று வேலை என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். சரியான கேள்வி கேட்கப்பட்ட இடத்தில் அது என்ன செய்யும் என்பதற்கு பீராஃப் என்ற மரபணுவின் பிறழ்வு சாட்சி. பரவிய, அதாவது நான்காம் நிலை குடல் புற்றுநோயில் பத்தில் ஒருவருக்கோ சற்றுக் குறைவானவர்களுக்கோ இந்தப் பிறழ்வு இருக்கும். எல்லாவற்றிலும் மோசமான வகை இது; ஓர் ஆண்டைத் தாண்டுவதே அரிதாக இருந்த காலம் உண்டு. இதே பிறழ்வு உள்ள தோல் புற்றுநோயில் பாதிப் பேருக்குக் கட்டியைச் சுருக்கிய, பீராஃபை அடைக்கும் மாத்திரை, குடலில் ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை. ஏன் என்பதை 2012இல் ஆம்ஸ்டர்டாமில் ரெனே பெர்னார்ட்ஸ் குழு கண்டுபிடித்தது. பீராஃபை அடைத்தவுடன் குடல் செல் ஈஜிஎஃப்ஆர் வழியாகத் தப்பித்துக்கொள்கிறது. அப்படியானால் இரண்டையும் சேர்த்து அடை! எங்கோராஃபெனிப் மாத்திரையும் செட்டூக்சிமாப் ஊசியும் அப்படித்தான் கைகோத்தன. பிறகு அவற்றோடு ஃபோல்ஃபாக்ஸ் கீமோவையும் சேர்த்து, முதல் சிகிச்சையாகவே கொடுத்துப் பார்த்தது பிரேக்வாட்டர் ஆய்வு. 2025இல் வெளியான அதன் முடிவில் நோய் அடங்கியிருந்த காலம் 7.1 மாதத்திலிருந்து 12.8 ஆகவும், ஆயுள் 15.1 மாதத்திலிருந்து 30.3 மாதமாகவும் உயர்ந்தன. ஆயுள் இரட்டிப்பு. கீமோவும் இலக்கு மருந்தும் சேர்வதற்கு இதைவிட நல்ல வாதம் இருக்க முடியாது. கைரோ-2இல் இரண்டு மருந்துகள் சேர்ந்து தோற்றன, இங்கே சேர்ந்து வென்றன. அங்கே சேர்த்ததற்கு நம்பிக்கை மட்டும் காரணம், இங்கே செல்லின் நடத்தையைப் பார்த்துச் சேர்த்தார்கள்.

நான்காம் நிலையில் இருபதில் ஒருவருக்கு இருக்கும் எம்எஸ்ஐ என்ற தன்மையோ, கீமோவையே தள்ளி வைக்கச் சொல்கிறது. அவர்களுக்கு நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாபைத் தனியாகக் கொடுத்தால் நோய் 16.5 மாதம் அடங்கியிருந்தது. கீமோ, பெரும்பாலும் இலக்கு மருந்தோடு சேர்ந்து, தந்தது 8.2 மாதம். இதைக் கண்டுபிடிக்கும் சாய ஏற்றுப் பரிசோதனை விலை உயர்ந்ததும் அல்ல, அரிதானதும் அல்ல. நல்ல நோய்க்கூறியல் கூடம் எதிலும் செய்யலாம்.

இனி பணம். 2004இலேயே டெபரா ஷ்ராக் என்ற மருத்துவர் ஒரு கணக்கை எழுதினார். முதல் எட்டு வாரக் கீமோவுக்கான பழைய மருந்துச் செலவு 63 டாலர். புதிய மருந்துகள் சேர்ந்தபோது அது 340 மடங்காகிவிட்டது. ஆயுளோ இரட்டிப்பைத் தொடவில்லை. 2012இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை, ஃபோல்ஃபிரியோடு சேர்க்க வந்த அஃப்லிபர்செப்ட் என்ற மருந்தை வாங்க மாட்டோம் என்று செய்தித்தாளில் எழுதியே அறிவித்தது. காரணம் எளிது: பெவாசிசுமாப் தரும் அதே ஒன்றரை மாத ஆதாயம், விலை மட்டும் இரு மடங்கு. சில வாரங்களில் சனோஃபி நிறுவனம் விலையைப் பாதியாக்கியது. மருத்துவர்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னால் விலை இறங்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பிரிட்டனின் மருந்து மதிப்பீட்டு அமைப்பான நைஸ், 2010இல் ஆக்சாலிபிளாட்டின் கீமோவோடு பெவாசிசுமாப் சேர்ப்பதற்குப் பொதுப் பணம் தர மறுத்தது. செட்டூக்சிமாபுக்கு 2017இல் சம்மதித்தபோதும் ராஸ் பிறழ்வு இல்லாதவர்களுக்கு என்ற நிபந்தனையோடுதான் சம்மதித்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஃபோல்ஃபாக்ஸ், ஃபோல்ஃபிரியின் கீமோ மருந்துகள் எல்லாம் இருக்கின்றன. பெவாசிசுமாபும் 2013 முதல் இருக்கிறது. ஆனால் கண் நோய்க்காக! குடல் புற்றுநோய்க்கு அதற்கு அங்கே இடமில்லை. 2025இல் எம்எஸ்ஐ தன்மை உள்ள குடல் புற்றுநோய்க்குப் பெம்ப்ரோலிசுமாப் சேர்க்கப்பட்டது. பலன் பெரிதாக இருக்கும் சிறு குழுவுக்கு முன்னுரிமை, பலன் சிறிதாக இருக்கும் பெருங்குழுவுக்குப் பிறகு பார்க்கலாம் என்ற அந்த வரிசை எனக்குச் சரியாகவே படுகிறது.

இந்தியாவில் 2022இல் சுமார் 70 ஆயிரம் பேருக்குப் புதிதாகக் குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக உலகப் புற்றுநோய் மதிப்பீடு சொல்கிறது. 2016, 2017இல் ரிலையன்ஸ், ஹெட்டெரோ, பயோகான் போன்ற நிறுவனங்கள் பெவாசிசுமாபின் ஒத்த மருந்துகளை இங்கே கொண்டுவந்த பிறகு அதன் விலை இறங்கியது. நல்ல செய்திதான். ஆனால் விலை இறங்கியதும் ஒரு பழக்கமும் சேர்ந்து பரவும் ஆபத்து இருக்கிறது: மலிவாகிவிட்டது, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் சேர்த்துவிடுவது. ரத்த அழுத்தம் ஏறுவது, குடல் ஓட்டையாவது, அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் நிறுத்த வேண்டியிருப்பது என்று அந்த மருந்துக்கும் தனக்கே உரிய விலை உண்டு.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நான்காம் நிலை நோயாளிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீமோ. அந்தத் தொகை எவ்வளவு வேகமாகக் கரையும் என்று வீட்டில் ஒரு நோயாளி இருப்பவர்களுக்குத் தெரியும். இந்த வரம்புக்குள் எதற்கு முதலில் பணம் கொடுப்பது என்பதுதான் கேள்வி. என் பதில்: ராஸ், பீராஃப், எம்எஸ்ஐ ஆகிய மூன்று பரிசோதனைகளுக்கு. எந்தக் காப்பீடானாலும் சரி, இவற்றின் முடிவு இல்லாமல் ஒரு குப்பி ஈஜிஎஃப்ஆர் மருந்துக்கும் பணம் தரக் கூடாது. இவற்றின் செலவை நோயாளியின் பையிலிருந்து எடுக்கவும் கூடாது. ஒரு மாத மருந்துச் செலவோடு ஒப்பிட்டால் இவற்றின் செலவு சிறியது. பலன் பெற வாய்ப்பே இல்லாத பாதிப் பேருக்குச் செலவாகாத பணத்தில் மீதிப் பாதிக்கு மருந்து தரலாம்.

முடிவு வர இரண்டு மூன்று வாரமாகுமே, நோய் காத்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. காத்திருக்க வேண்டியதில்லை. முதல் ஓரிரு சுற்றுக் கீமோவைத் தொடங்கிவிட்டு, அறிக்கை வந்ததும் இலக்கு மருந்தைச் சேர்ப்பது உலகெங்கும் நடக்கும் வழக்கம். மாவட்டத் தலைநகர மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனைகளைச் செய்யும் கூடம் எங்கே இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. எல்லா ஊரிலும் கருவி வேண்டியதில்லை. கட்டித் துண்டை அனுப்பி அறிக்கையை வாங்கும் ஒரு மையம், அதற்கு ஒரு கால வரம்பு, அதைக் கண்காணிக்க ஒரு அதிகாரி இருந்தால் போதும்.

இதையெல்லாம் அரசு செய்யும்வரை குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பயாப்ஸியோ அறுவையோ நடந்த மருத்துவமனையில் அந்தக் கட்டித் துண்டு பாரஃபின் மெழுகில் பதித்து ‘பிளாக்’ என்ற பெயரில் வைக்கப்பட்டிருக்கும். மேலே சொன்ன மூன்று பரிசோதனைகளும் பெரும்பாலும் அதிலேயே செய்துவிடலாம். நோயாளியை மறுபடி குத்த வேண்டியதில்லை. வேறு மருத்துவமனைக்கு மாறும்போது ஸ்கேன் படங்களையும் ரசீதுகளையும் பத்திரமாக எடுத்துப் போகிறவர்கள் இந்த பிளாக்கைக் கேட்காமலே வந்துவிடுகிறார்கள். எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். பிறகு புதிய மருத்துவரிடம், மருந்தின் பெயரைக் கேட்பதற்கு முன், ராஸ் அறிக்கை எங்கே என்று கேளுங்கள்.